பாம்புக்கு அம்மை போட்டிருந்த வாரம்

"இது என் ஃப்ரிட்ஜ். இதுல ஒண்ணு எலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஃப்ரிட்ஜுக்குள் சாராள் டீச்சர் எப்படி இருப்பார் என்று அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகள் ஜெரூஷா ஐஸ்கிரீம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எலி இல்லம்மா, சுண்டெலி. பண்ணையில வளர்த்தது. உன் மட்டனை விட சுத்தம்," என்று பதிலுக்குக் கத்தினாள். அது நிலைமையைச் சீராக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சமைப்பதற்காக வாங்கி வைத்த மட்டன், அந்த டப்பாவுக்கு ஒட்டினாற்போலத்தான் இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் டப்பாவுடையது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது. துருவின தேங்காயோ கறிவேப்பிலையோ இருக்கும். இருபத்து மூன்று வருடமாக அதே தெருவில் குடியிருக்கும் டீச்சருக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு எதிர்வீட்டுக் கனகவல்லி வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தாள், டப்பாவின் மேல் வெனிலா என்று போட்டிருந்தது. கிண்ணத்தையும் ஸ்பூனையும் கனகவல்லி கையில் கொடுத்த பிறகுதான் டீச்சர் மூடியைத் திறந்தார். உள்ளே, தனித்தனி பிளாஸ்டிக் கவரில், கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஏழு.

கனகவல்லி கிண்ணத்தை ஓசைப்படாமல் மேஜைமேல் வைத்தாள். "இன்னா டீச்சர், எலி கீது இதுல," என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. இந்தத் தரத்தில் ஒரு சண்டை அந்தத் தெருவில் நடந்து நாளாகியிருந்தது.

எலி எதற்கு என்ற கேள்விக்கு ஜெரூஷா, யோனாவுக்கு என்றாள். யோனா யார் என்ற கேள்விக்குத்தான் உண்மை வெளியே வந்தது. பத்து நாளாக அவள் அறையில் விளக்கும் கண்ணாடியுமாக இருந்த பெட்டி, அவள் சொன்னதுபோலச் செடி வளர்க்கும் பெட்டி அல்ல. அதில் இருந்தது ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. முழுதாக வளர்ந்தாலும் நாலைந்து அடிதான். இது இன்னும் குட்டி, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. வனத்துறையில் பதிவு செய்த காகிதமெல்லாம் இருந்தது.

"தீர்க்கதரிசி பேரைப் போய் பாம்புக்கு வச்சிருக்கியே," என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாம்பை விடப் பெயர்தான் அவரைச் சாய்த்தது.

ஜெரூஷா குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்கில், காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துபவள். ஊரப்பாக்கத்து வேதாசலம் என்கிற பெரியவர் அங்கே கருவி மாட்டிக்கொள்ள வந்தார். பாம்புக்குக் காது இல்லை என்று அவர் பேச்சை ஆரம்பித்தார். அவர் வீட்டு மாடியில் இந்த ஜாதிப் பாம்புகளை வளர்ப்பவர். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதுதான் அந்த ஐஸ்கிரீம் டப்பா.

சண்டையை முடித்து வைத்தவர் தேவானந்தம். டீச்சரின் கணவர், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டுவதைத் தவிர வேறு எதிலும் தலையிடுவதில்லை. பாம்பு வந்த நாள் முதல் ஒன்றும் தின்னவில்லை என்பதை ஜெரூஷாவின் வாயிலிருந்து வரவழைத்தார். தின்னாத பாம்பை வேதாசலமே திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் வரவழைத்தார். பிறகு தீர்ப்பு: ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஓர் எலியைத் தின்றால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் மறுநாள் காலையில் ஊரப்பாக்கம்.

ஜெரூஷா ஒப்புக்கொண்டாள். டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். தன் பெண் சமைத்ததை எந்த உயிரும் தின்று அவர் பார்த்ததில்லை.

அன்று மாலையே அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பெட்டியைத் திறக்கக்கூடாது. கண்ணாடியைத் தட்டக்கூடாது. மேலே போட்ட துண்டை எடுக்கக்கூடாது. சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடவே கூடாது. டீச்சர் அதைப் படித்து, சிவப்புப் பேனாவால் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டார். திருத்தியவர் படித்ததைப் பின்பற்றினாரா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஜெரூஷாவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. எட்டே முக்காலுக்குக் கனகவல்லி ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு கேட்டைத் திறந்தாள்.

இங்கே அந்தத் தெருவின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், வாஷிங் மெஷினோ மருமகளோ பேரக்குழந்தையோ போர்வெல் மோட்டாரோ, எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் காபி கொடுத்துக் காட்ட வேண்டும். பார்க்கப் போகாதவரை மன்னித்துவிடுவார்கள். காட்டாதவரை மன்னிக்க மாட்டார்கள். மூன்றாம் வீட்டு ஸ்ரீநிவாசராகவன் தன் புது இன்வெர்ட்டரைப் பூட்டி வைத்தார் என்பதற்காக இன்றைக்கும் அவரிடம் யாரும் மின்வெட்டு நேரம் சொல்வதில்லை. டீச்சர் இருபத்து மூன்று வருடமாக எல்லார் வீட்டுச் சாமானையும் போய்ப் பார்த்து, குறையும் சொல்லிவிட்டு வந்தவர். இப்போது முறை அவருடையது.

அதனால் காட்டினார். மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு, கையை முழுதாக நீட்டி, துண்டின் ஒரு முனையைத் தூக்கினார்.

"ஒண்ணியும் காணோமே," என்றாள் கனகவல்லி.

உள்ளே ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது, ஓரத்தில் ஓட்டையோடு. பாம்பு அதற்குள் இருந்தது. வந்தவளை வெறுமனே அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? டீச்சர் தேவானந்தத்தின் கைத்தடியால் பெட்டியின் மூடியைத் தள்ளி, சட்டியைப் புரட்டிவிட்டார். பழுப்பும் கறுப்புமாக ஒரு பந்து. பந்து இன்னும் இறுகியது.

"மூஞ்சி எங்க?"

"உள்ள வச்சிருக்கு."

"வெக்கப்படுதா?" என்று கனகவல்லி காபியை ஆற்றிக்கொண்டே அரைமணி நேரம் காத்திருந்தாள். முகம் வரவில்லை. மறுநாள் தன் மகள் சின்மயியையும் கூட்டி வந்து மறுபடி காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வரிசைதான். சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர் வந்து, ஏதேன் தோட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்லிவிட்டு, குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் டார்ச்சோடு வந்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தார். டீச்சரிடம் வரும் டியூஷன் பிள்ளைகள் ஒழுங்காக வாய்ப்பாடு சொன்னால் ஒரு பார்வை என்று ஏற்பாடு. மாலை ஆறரைக்குள் சட்டியைக் கவிழ்த்து, துண்டைப் போட்டு, கைத்தடியை மூலையில் சாத்திவிடுவார் டீச்சர். பாம்பை வெறுக்கிறேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததும் இல்லை.

வாரத்துக்கு ஒருநாள் மாலையில் ஜெரூஷா ஒரு சுண்டெலியை வெந்நீரில் போட்டு உறைவு நீக்குவாள். அதற்கென்று தனி டம்ளர், அதன்மேல் நெயில்பாலிஷால் பெருக்கல் குறி. விளக்கை அணைத்துவிட்டு, நீளமான இடுக்கியில் எலியைப் பிடித்து, சட்டியின் ஓட்டைக்கு நேரே மெல்ல ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாம்பு வெளியே வரவே வராது. அல்லது வந்து, எலியை மோந்து பார்த்து, தலையை இழுத்துக்கொண்டு பந்தாகிவிடும். ஒருமுறை காற்றைக் கொத்தியது. மூன்று வாரம், மூன்று எலி, மூன்றும் பக்கத்துக் காலி மனையில் புதைக்கப்பட்டன.

சனிக்கிழமை சனிக்கிழமை எடை பார்ப்பாள். அதற்காக மட்டும் கையில் எடுப்பாள், மேலிருந்து அல்ல, கீழேயிருந்து. மேலிருந்து வருவது கழுகுதான் என்று வேதாசலம் சொல்லிக் கொடுத்திருந்தார். சமையலறைத் தராசில் முதலில் முந்நூற்றுப் பத்து கிராம். பிறகு முந்நூறு. பிறகு இருநூற்று எண்பத்தெட்டு. குறிப்பேட்டில் எழுதும்போது அவள் முகத்தை டீச்சர் கதவிடுக்கில் பார்த்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்றைக்குப் பிறகு அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை.

நாலாவது எலியும் மறுக்கப்பட்ட மாலையில் ஜெரூஷா வேதாசலத்துக்குப் போன் செய்தாள். காதுக்கருவி போட்டிருந்தும் அவருக்குக் கத்தித்தான் பேச வரும். அவர் ஊரப்பாக்கத்தில் பேசியது ராஜகீழ்ப்பாக்கத்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த டீச்சருக்குத் தெளிவாகக் கேட்டது. சூடு சரியா, ஈரம் சரியா, சட்டி இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பகல்ல யாராவது தொந்தரவு பண்றாங்களா என்றார்.

"வீட்ல அப்பாவும் அம்மாவும்தான் சார். அப்பா எதுலயும் தலையிட மாட்டாரு, அம்மா பத்தடி தூரத்துக்குள்ளயே வரமாட்டாங்க."

சமையலறையில் கத்தி நின்றது.

"பாத்தாலே பயப்படுற ஜீவன்மா அது," என்றது போன். "நீ அடிக்க வேணாம், தொட வேணாம். ஆளு மாத்தி ஆளு வந்து நின்னாலே போதும், சோத்த மறந்துடும். ஒரு வாரம் யாரையும் பாக்க விடாத. அப்புறமும் தின்னலன்னா எடுத்துனு வா, என்னால முடிஞ்சா காப்பாத்தறேன். இன்னும் எடை எறங்கினா கஷ்டம்."

அன்றைக்கு வெங்காயம் மிக நைசாக நறுக்கப்பட்டிருந்தது என்று தேவானந்தம் பின்னால் சொன்னார்.

கடைசி ஞாயிறுக்கு இன்னும் ஏழு நாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். பாம்பு போய்விடும், கேட்டது கிடைத்துவிடும். ஆனால் அவர் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்தவர். இரவு முழுக்க மனசுக்குள் பெயர் கூப்பிட்டுப் பார்த்தார். நாற்பத்தொரு பேர். இரண்டாம் தடவை வந்ததைச் சேர்க்காமல்.

காட்டுவதை நிறுத்துவது என்று விடிவதற்குள் முடிவாகிவிட்டது. எப்படி நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. கேட்டைப் பூட்டினால் ஸ்ரீநிவாசராகவனின் கதி. திங்கட்கிழமை பீர்க்கன்கரணையிலிருந்து கனகவல்லியின் அக்கா குடும்பம் பாம்பு பார்க்க இரண்டு பஸ் மாறி வருவதாக இருந்தது. பார்க்க வருபவர்களைத் திருப்பி அனுப்ப ஒரு வீட்டுக்கு என்ன உரிமை இருக்கிறது? எந்த வீட்டுக்குள்தான் அந்தத் தெருக்காரர்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள்?

ஒரு வீடு உண்டு.

திங்கட்கிழமை காலை ஜெரூஷா கிளம்பியதும், சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் திருமதி சாராள் தேவானந்தம் காலி மனைக்குப் போய், எம்பி, ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து தன் வீட்டுக் கேட்டில் செருகினார்.

எட்டே முக்காலுக்குக் கனகவல்லி கேட்டருகே வந்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிறிஸ்தவர் வீட்டில் வேப்பிலை எப்படி என்று அவள் ஒருகணம்கூட யோசிக்கவில்லை; அம்மைக்கு எந்த வீடானால் என்ன? அக்காவுக்குப் போன் போட்டு வராதே என்றாள். பத்து மணிக்கு மதில்மேல் இரண்டு இளநீரும் ஒரு சொம்பு மோரும் இருந்தன. டீச்சர் இரண்டு இளநீரையும் தானே குடித்தார். குற்ற உணர்வு தொண்டையை உலர்த்தும்போல.

தெருவில் ஈ காக்கை இல்லை. காய்கறி வண்டிக்காரன்கூட அந்தக் கேட்டைத் தாண்டும்போது மைக்கை அணைத்தான்.

மாலையில் ஸ்கூட்டர் கேட்டருகே நின்றது. "யாருக்கும்மா அம்மை?"

"உன் பாம்புக்கு."

பிறகு டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். கைத்தடி, சட்டி, டார்ச், வாய்ப்பாடு, நாற்பத்தொன்று. ஜெரூஷா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து, பதில் சத்தத்தைத் தயாராக வைத்திருந்தார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டு முடித்துச் சொன்னாள்.

"பதினோரு வீட்டுக்காரங்க கேசரி சாப்பிட்டுட்டு என்னைப் பாத்துட்டுப் போனாங்க. அந்தப் பதினோரு நாளும் எனக்கும்தான் சோறு எறங்கல. அதுக்கெல்லாம் நீ வேப்பிலை சொருகல."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். டீச்சர் தயாராக வைத்திருந்த சத்தம் அப்படியே மிஞ்சியது.

பெண் பார்க்க வரவிருந்த பன்னிரண்டாவது வீட்டின் கதை இங்கேதான் வருகிறது. சபையில் வரன் பார்த்துக் கொடுப்பவர் வேதசிரோமணி. அவர் கொண்டுவந்த இடம், மாப்பிள்ளை எபி, கப்பல் கம்பெனியில் வேலை, தாய் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை; சாராள் டீச்சர் இதற்காக ஒரு வருடமாக வேதசிரோமணிக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு எட்டுப் பேராக வருவதாக ஏற்பாடு. பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்பதால் வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் சொல்வது.

வியாழக்கிழமை வேதசிரோமணி போன் செய்தார். கேட்டில் வேப்பிலை இருக்கிறதாமே, சபையில் ஒரு மாதிரி பேசுகிறார்கள், போதகர் விசாரித்தார் என்று இழுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லுங்கக்கா. சனிக்கிழமை கூட்டியாந்துடறேன். மாப்பிள்ளையோட அம்மாவுக்கு உங்க வீட்டுப் பாம்பப் பாக்கணுமாம், ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. பேரப்பிள்ளைங்களையும் கூட்டி வராங்க. காட்டாம அனுப்பினா நல்லா இருக்காது."

டீச்சர் கூடத்தில் நின்றபடி மகளின் அறைக்கதவைப் பார்த்தார். சிவப்பு மையில் தன் கையெழுத்து. உள்ளே நாலு நாளாகத் துண்டு விலகாத பெட்டி.

"அம்மைதான் அண்ணே," என்றார்.

"யாருக்கு?"

பாம்புக்கு என்று சொல்ல முடியாது. தேவானந்தத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பெண் பார்ப்பது ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவே. எட்டுப் பேரும் அடுத்த சனிக்கிழமை வந்து நிற்பார்கள்.

"ஜெரூஷாவுக்கு. மூஞ்சியெல்லாம் போட்டிருக்கு."

வேதசிரோமணி ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜெரூஷாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். சனிக்கிழமை மதியமே தகவல் வந்துவிட்டது: தழும்பு ஆற நாளாகும், மாப்பிள்ளைக்குக் கப்பலேறும் நாள் நெருங்குகிறது, கர்த்தர் வேறு வழி காட்டியிருக்கிறார். ஜெரூஷாவிடம் டீச்சர் இதைச் சொன்னபோது அவள் முதலில் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நீ ஊற வை. வெந்நீர் கொதிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி. டீச்சர் பெருக்கல் குறி போட்ட டம்ளரில் எலியை ஊறவைத்தார். சூடு பதமா என்று, குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கையால் பார்த்தார். விளக்கு அணைந்தது. ஜெரூஷா இடுக்கியோடு உட்கார்ந்தாள். டீச்சருக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசற்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு பேர் அரைமணி அரைமணியாகக் காத்தும் பார்க்காததைப் பார்த்தார். சட்டியின் ஓட்டையிலிருந்து முகம் வந்தது. சின்ன முகம், நாக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயுமாக. கழுத்து வளைந்து நின்றது. நின்றது. பிறகு எப்போது பாய்ந்தது என்று தெரியாமல் இடுக்கியில் எலி இல்லை. பாம்பு அதை இரண்டு சுற்று சுற்றி வைத்துக்கொண்டிருந்தது.

தலையிலிருந்து ஆரம்பித்து வால் உள்ளே போக இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் டீச்சர் பேசாமல் இருந்ததற்கு வேறு சாட்சி தேவானந்தம்தான். அவர் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மென்னு திங்கலாம்ல," என்றார் டீச்சர் கடைசியில், கிசுகிசுப்பாக.

தீர்ப்பின்படி பாம்பு இருந்தது. புதன்கிழமை, இரண்டு நாள் கழிந்த பிறகு, ஜெரூஷா அதை எடுத்து, கீழேயிருந்து, அம்மாவின் இரண்டு உள்ளங்கையில் வைத்தாள். அது பந்தாகியது. டீச்சர் அசையாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரி கதவைத் தட்டியபோதும் எழுந்திருக்கவில்லை. முகம் வெளியே வந்து, அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தது.

வேப்பிலை காய்ந்து உதிரும்வரை கேட்டிலேயே இருந்தது. பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பதவி அந்த டிசம்பரில் வேறொருவருக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எபி ஊரப்பாக்கத்தில் ஆஷா என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு கப்பலேறினான். சின்மயி மறுவருடம் கல்யாணமாகி, புருஷனோடு ஓசூர் போனாள். ஜெரூஷா முப்பத்தொன்றாம் வயதில், தன் கிளினிக்கிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கதிரேசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவனை யாரும் வந்து பார்க்கவில்லை, அவளையும்தான். இருவரும் கோயம்புத்தூர் போனார்கள். அங்கே வீட்டுக்காரர் நாயே கூடாது என்பவர். யோனா ராஜகீழ்ப்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. இப்போது ஆயிரத்து இருநூறு கிராம். ஃப்ரிட்ஜில் டப்பா இரண்டாகியிருக்கிறது.

கனகவல்லி சென்ற தை மாதம் வீட்டை அடுக்குமாடி கட்டுபவருக்குக் கொடுத்துவிட்டு மகளிடம் ஓசூருக்குக் கிளம்பினாள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது சொல்லிக்கொள்ள வந்தாள். காபி குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"நேத்துதான் சாப்பிட்டுது. நாளன்னிக்கு வாங்க," என்றார் சாராள் டீச்சர்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கனகவல்லி பார்க்காமலே போனாள்.